இருபது எருமைகளுக்கு ஒரே தீனி

அன்று காலை பத்தாவது குழந்தைக்கும் ஜுரம் கண்டுவிட்டது என்று செய்தி வந்தபோது, ஏரிக்கரை நோய்த்தடுப்பு நிலையத்தில் டாக்டர் நிங் தன் கையில் இருந்த கண்ணாடிக் குடுவையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் அதை லுவோ பிங்கின் கையில் கொடுத்துவிட்டார்.

லுவோவுக்கு அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும்போல இருந்தது. குடுவைக்குள் ஏரித் தண்ணீரின் நிறத்தில் தண்ணீர். அடியில் எருமைச் சாணம்.

"பயப்படாதீங்க. அதுல ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்லாததுக்குத்தானே சார் எங்களைக் கூப்பிட்டிருக்கீங்க," என்றான் லுவோ. பேச்சு வேடிக்கையாகத்தான் வந்தது. குடுவையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன.

வான் சுன்லான் அந்த விரல்களைப் பார்த்தார். மாவட்டப் போலீஸில் இருபத்திரண்டு வருடம் மாட்டுத் திருட்டு வழக்குகளாகவே பார்த்து, முழங்கால் தேய்ந்து வெளியே வந்தவர் அவர். இப்போது யார் கூப்பிட்டாலும் போய்த் துப்புத் துலக்கிக் கொடுக்கிறார். அன்று அவருக்கு ஜீப் ஓட்டிய லுவோ இன்று மூன்று சக்கர மோட்டார் வண்டி ஓட்டுகிறான். வண்டியில் ஒரு சக்கரம் குறைந்ததே தவிர அவன் வாய் குறையவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க டாக்டர்," என்றார் வான். "நான் மலைக்காரி. உங்க ஏரி சமாசாரம் எனக்குத் தெரியாது."

டாக்டர் நிங் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். அவருக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடி உடைந்து, அட்டை வைத்து அடைத்திருந்தது.

"ஏரியில மேயற எருமை தண்ணியோரமா சாணி போடும். சாணியில புழுவோட முட்டை. அது தண்ணியில பொரிஞ்சு, நத்தைக்குள்ள போய்ப் பெருகி, மறுபடி தண்ணிக்கு வரும். கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தண்ணியில காலை வச்சா பத்து நிமிஷத்துல தோல் வழியா உள்ள போயிடும். அப்புறம் ரத்தத்துல குடித்தனம் பண்ணும், இருபது வருஷம்கூட."

லுவோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போயாங் ஏரியின் வடகரையில், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் பிறந்தவன் அவன். அவனுடைய அப்பா கடைசி இரண்டு வருடம், எட்டு மாதக் கர்ப்பிணிபோல வயிற்றைச் சுமந்துகொண்டு, குச்சிக் கால்களோடு சுவரைப் பிடித்து நடந்தார். பெருவயிற்று நோய் என்பார்கள். அப்பாவைப் புதைத்த மறுவாரம் லுவோ ஊரைவிட்டு ஓடினான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு ஏரித் தண்ணீரில் அவன் ஒரு விரலைக்கூட வைத்ததில்லை.

"நத்தைக்கு மருந்தடிச்சுப் பார்த்தாச்சு. மனுஷனுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தாச்சு," டாக்டர் தொடர்ந்தார். "எருமைக்கே தடுப்பூசி போட்டுட்டா, அது உடம்புல புழு தங்காது. முட்டையும் வராது. ஒன்பது வருஷம் உட்கார்ந்து அந்த ஊசியைத் தயார் பண்ணினோம். பதினாலு மாசத்துக்கு முன்னாடி இந்த நான்ஷி கிராமத்துல ஏரியில மேயற எருமைங்க இருபதுக்கும் போட்டோம். வாரா வாரம் திங்கட்கிழமை இருபது எருமைச் சாணியும் தனித்தனிப் பையில இங்க வரும். குடுவைத் தண்ணியில கரைச்சு வச்சா, முட்டை இருந்தா மூணு மணி நேரத்துல பொரிஞ்சு, மேல்தண்ணியில வெள்ளை வெள்ளையா நேர்கோட்டுல நீந்தும்."

"நீந்திச்சா?"

"பதினாலு மாசமா ஒண்ணுகூட நீந்தல." அவர் குரலில் பெருமை இல்லை. "ஊசி ஜெயிச்சிருச்சுன்னு நினைச்சேன். ஏரித் தண்ணி வர்ற வாய்க்கால்ல, குளிக்கக் கூடாதுன்னு நட்டிருந்த சிவப்புக் கொடியை மே மாசம் எடுத்துட்டோம். ஜூன்ல குழந்தைங்க குளிச்சுது. ஜூலையில ஒவ்வொண்ணா ஜுரத்துல விழுது."

"கொடியை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

வான் அட்டை வைத்து அடைத்த ஜன்னலைப் பார்த்தார்.

"ஜன்னல்?" என்று கேட்டார் வான்.

"நேத்துச் சாயங்காலம் கல் வந்தது. ஊசி வழியாத்தான் நோயே வந்துச்சுன்னு ஊருக்குள்ள பேச்சு. இன்னிக்குக் காலையில என் உதவியாளர் ரெண்டு பேரும் சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டாங்க." டாக்டர் நிங் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "அவங்க சொல்றது நிஜமா இருக்குமோன்னு எனக்கே பயமா இருக்குங்க. இருபதும் சுத்தம். அப்போ அந்தப் பத்துக் குழந்தைக்கும் எங்கிருந்து வந்தது?"

வான் எழுந்து, மேஜைமேல் வரிசையாக இருந்த இருபது குடுவைகளின் முன் நின்றார். மேலே தெளிந்த நீர். எதிலும் எதுவும் நீந்தவில்லை. அவர் முதல் குடுவையை எடுத்து, மேல்தண்ணீரை வாளியில் சாய்த்துவிட்டு, அடியில் தங்கிய சக்கையை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். பென்சிலால் கிளறினார். இரண்டாவது குடுவை, மூன்றாவது, நான்காவது.

"அக்கா, ஒன்பது மணிக்குத்தானே நூடுல்ஸ் சாப்பிட்டோம்," என்றான் லுவோ. "அதுக்குள்ளயா மறுபடி பசிக்குது?"

வான் பென்சில் நுனியில் எதையோ ஒற்றி அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினார். மெல்லிய, மஞ்சள் நிறத் தோல். நகக்கண் அளவு.

"என்ன இது?"

"சோயாத் தோல் மாதிரி இருக்கு."

"இந்த ஊர் எருமை என்ன தின்னும் டாக்டர்?"

"ஏரிக்கோரை. வருஷம் பூரா திட்டுலதான் மேயும்."

"கோரையில சோயா காய்க்குமா?"

டாக்டர் எழுந்து வந்தார். இருபது தட்டுகள் ஆயின. இருபதிலும் மஞ்சள் தோல் இருந்தது, கோரை நார் ஒன்றிலும் இல்லை.

"நீங்க எல்லாரும் மேல்தண்ணியில நீந்தறதைத் தேடினீங்க," என்றார் வான். "அடியில என்ன கிடக்குன்னு யாரும் பார்க்கல."

"இருபது எருமைக்கும் ஒரே சமையல்காரனா?" என்றான் லுவோ.

"இல்ல தம்பி. இருபது பைக்கும் ஒரே எருமை." வான் கையைத் துடைத்துக்கொண்டார். "டாக்டர், இந்த ஊசி ஜெயிச்சா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

டாக்டரின் முகம் ஏற்கனவே வெளுத்திருந்தது. இப்போது சாம்பலாயிற்று. "பீஜிங்ல தனி ஆய்வுக்கூடம் தர்றதாச் சொல்லியிருக்காங்க. ஆனா நான்..."

"சாணி எடுத்துட்டு வர்றது யாரு?"

"ஷுய்ஷெங். உள்ளூர்க்காரர். ரொம்ப ஒழுங்கானவர். ஒரு திங்கட்கிழமைகூடத் தவறினதில்ல."

வண்டியில் ஏறியதும் லுவோ குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அந்த டாக்டர் பயந்து நடுங்கறார். அவர் பண்ணியிருந்தா?"

"பண்ணினவனும் நடுங்குவான், பண்ணாதவனும் நடுங்குவான். இன்னிக்கு நடுக்கத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நீயும்தான் காலையிலேர்ந்து நடுங்கறே."

"அது வண்டி அதிருது அக்கா."

"வண்டி இன்னும் கிளம்பல தம்பி."

நான்ஷியில் சோயா அரைக்கிற வீடு ஒன்றுதான். தோஃபு போடும் பெங் அத்தை, கொதிக்கும் பாலின் ஆவிக்கு நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள். பின்கட்டில், சிமென்ட் தரையில், வயதான ஓர் எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு தொட்டி நிறைய சோயாச் சக்கை. ஊசி போட்ட எருமைகளுக்கு நிலையம் மாட்டும் மஞ்சள் பட்டை அதன் காதில் இல்லை.

"இதுக்கு ஊசி போடலையா அத்தை?" என்று கேட்டான் லுவோ.

"எதுக்கு? அது ஏரியைப் பார்த்தே ஆறு வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரர் வாங்கின மாடு. வேலைக்கு ஆகாது, வெட்டவும் மனசு வரல. சக்கையைத் தின்னுட்டுக் கிடக்குது."

"சாணிக்கு ஆள் வருமோ?" என்றார் வான்.

"ஷுய்ஷெங் வருவான். திங்கட்கிழமை விடிஞ்சா வந்து நிப்பான். கீரைப்பாத்திக்காம்." அத்தை உதட்டைப் பிதுக்கினாள். "சின்னச் சின்னப் பையில அளந்து அளந்து போடுவான், மருந்துக்கடைக்காரன் மாதிரி. என் எருமைச் சாணிக்கு ஈடே கிடையாதுன்னுவான். இந்த வயசுல எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்றவன் அவன்தான், அதுவும் சாணிக்கு."

லுவோவுக்குச் சிரிப்பு வந்தது. வானின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"புரியுதா தம்பி?" என்றார் வான், வெளியே வந்ததும். "ஊசி போட்ட எருமையோட சாணியை இதுவரைக்கும் யாருமே பார்க்கல. பதினாலு மாசமா. ஊசி வேலை செஞ்சுதா இல்லையான்னு இந்த உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது."

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வாய்க்காலை ஒட்டி வரிசையாக வீடுகள். பாதி வீடுகளில் பூட்டு, எல்லோரும் ஆஸ்பத்திரியில். ஒரு துணிக்கொடியில் சின்னச் சட்டை ஒன்று காய்ந்து விறைத்துத் தொங்கியது, எடுக்க ஆளில்லாமல். வாய்க்கால் தண்ணீர் வெயிலில் அழகாக மின்னியது. லுவோ அதைப் பார்க்காமல் சுவரை ஒட்டி ஒட்டி நடந்தான்.

ஷுய்ஷெங்கின் வீடு வரிசையில் கடைசி. நாற்பது வயது, ஒல்லியான, நிலையத்தின் நீலச் சட்டை போட்ட மனிதர். உள்ளே ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தாமரை விதை உரித்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் ஷுய்ஷெங் எழுந்து, எதற்கோ தயாராக இருந்தவர்போல, சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"சாணி எப்படிண்ணே எடுப்பீங்க?" லுவோதான் ஆரம்பித்தான்.

"திட்டுக்குப் போய்த்தான். இடுப்பளவு தண்ணி. அந்த ரப்பர் உடுப்பைப் போட்டுக்கிட்டு இறங்குவேன்."

சுவரில், மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பு ஆணியில் தொங்கியது. லுவோ அதைத் தொட்டான். உள்ளே கையை விட்டு, கால் நுனி வரை கொண்டு போய், வெளியே எடுத்தான். கை முழுக்க வெள்ளைப் பவுடர்.

அவன் அதை வானிடம் காட்டவில்லை. ஷுய்ஷெங்கிடம் காட்டினான்.

"இது கடையில புதுசுல தூவி அனுப்பற பவுடர்," என்றான் மெல்ல. "ஒரு தடவை போட்டாலும் வியர்வையில கரைஞ்சுடும். என் வண்டி டிக்கியில ஒண்ணு இருக்குண்ணே. வாங்கி மூணு வருஷம் ஆச்சு. அதுலயும் பவுடர் இப்படியேதான் இருக்கு."

ஷுய்ஷெங்கின் கண்கள் அவன் கையிலேயே நின்றன. பிறகு அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"இந்த நோயில யாரு போனாங்க உங்க வீட்டுல?" என்று கேட்டான் லுவோ.

"அப்பா. அப்புறம் அண்ணன்."

"எனக்கு அப்பா."

"முதல் திங்கட்கிழமை கரை வரைக்கும் போனேன் தம்பி. சத்தியமாப் போனேன். கால் நகரல. என் பேருக்கே தண்ணியில பொறந்தவன்னுதான் அர்த்தம். மரம் மாதிரி நின்னேன். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் சமாளிச்சுடலாம்னு பெங் அத்தை வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரமும் நகரல. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சட்டை கொடுத்திருந்தாங்க, மரியாதை கொடுத்திருந்தாங்க. டாக்டர் வேற ஒவ்வொரு வாரமும் என் கையைப் பிடிச்சுக் குலுக்குவார், இந்த வாரமும் சுத்தம்னு."

லுவோவுக்கு நெஞ்சு இளகியது. இந்த வேலையை யாராவது தன்னிடம் கொடுத்திருந்தால் தானும் இதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது. ஷுய்ஷெங்கின் தோளில் வைப்பதற்காகக் கையைத் தூக்கினான்.

வான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்தார்.

"உன் பேரு என்னம்மா?"

"லியன்."

"இந்தத் தெருவில உன் வயசுப் பிள்ளைங்க எத்தனை பேரு?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். "என்னோட சேர்த்துப் பதினொண்ணு."

"பத்துப் பேருக்கு ஜுரம். நீ வாய்க்கால்ல குளிக்கலையா?"

"அப்பா விடல. வாய்க்கால் பக்கம் போனா காலை ஒடிச்சுடுவேன்னார். கதவைப் பூட்டி வச்சார்."

"எப்போ?"

"கொடியை எடுத்தாங்களே, அன்னிக்கு."

தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு லுவோ அதைக் கீழே இறக்கி, பவுடரைத் தன் கால்சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தெரிஞ்சிருக்கு உங்களுக்கு," என்றார் வான். குரல் உயரவில்லை. "தண்ணி சுத்தமான்னு யாருக்கும் தெரியாதுங்கறது ஊர்லயே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். உங்க பொண்ணை மட்டும் உள்ள வச்சுப் பூட்டினீங்க. மத்தப் பத்துப் பேரும் இந்தக் கதவைத் தாண்டித்தானே குளிக்கப் போனாங்க?"

ஷுய்ஷெங் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார். லியன் அப்பாவையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விதை உரிப்பதை நிறுத்தினாள்.

மதியம் ஒரு மணிக்குப் படகு கிளம்பியது. ஊசி போட்ட இருபது எருமைகளும் ஏரி நடுவில் ஒரு திட்டில் மேய்ந்தன. அவற்றின் சாணத்தை முதல்முறையாக உண்மையாகவே எடுத்தாக வேண்டும். டாக்டர் நிங் துடுப்புப் போட்டார். ஷுய்ஷெங்கையும் படகில் ஏற்றியிருந்தார் வான்.

"எதுக்கு அக்கா இந்த ஆளு?"

"பதினாலு மாசமா வராத வேலைக்கு இன்னிக்காவது வரட்டும்."

திட்டுக்கு நூறு அடி இருக்கும்போது படகு சேற்றில் தட்டி நின்றது. இனி இறங்கித்தான் போக வேண்டும். ரப்பர் உடுப்பு இரண்டுதான், ஷுய்ஷெங் வீட்டில் தொங்கியதும் லுவோவின் வண்டி டிக்கியில் இருந்ததும். ஒன்றை டாக்டர் மாட்டிக்கொண்டார். மற்றதை வான் எடுத்தார்.

"உங்க முழங்காலுக்குச் சேத்துல இறங்கினா, உங்களைக் கிரேன் வச்சுத்தான் தூக்கணும்," என்றான் லுவோ. அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இறங்கினான். ரப்பருக்கு வெளியே தண்ணீர் காலை இறுக்கிப் பிடித்தது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை, அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் தோல் முழுவதும் ஏதோ ஊர்வதுபோல இருந்தது. அப்பாவின் வயிறு கண்முன் வந்தது. அதன்மேல் ஓடிய நீல நரம்புகள் வந்தன. அவன் எண்ண ஆரம்பித்தான். எண்பத்தேழாவது அடியில் கோரை காலில் பட்டது.

எருமைகள் அவர்களை அலட்சியமாகப் பார்த்தன. லுவோ காதைப் பிடித்து நிறுத்த, டாக்டர் நீளக் கையுறையோடு வேலையை முடித்தார். பயத்தை அமுக்க லுவோ ஓயாமல் பேசினான். "பதிமூணாம் நம்பர் அம்மா, கோவிச்சுக்காதே. இவர் பீஜிங்ல படிச்ச டாக்டர். வேற யாரையும் தொட விட்டிருக்க மாட்டேன்." டாக்டர் நிங் அன்று முதல்முறையாகச் சிரித்தார். இருபது பைகள் நிறைந்தன. இருபதிலும் பச்சைக் கோரை நார்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. படகுக்கு மூன்றடி இருந்தது. லுவோவின் வலது கால், எருமைகள் புரண்டு உண்டான ஒரு குழியில் இறங்கியது. கழுத்து வரை போனான். உடுப்பின் மேல்விளிம்பு வழியாக ஏரி உள்ளே கொட்டியது. நிரம்பிய ரப்பர் இரும்பாகக் கனத்து அவனை அடிக்கு இழுத்தது. பின்னால் டாக்டர், இரண்டு கைகளிலும் பைகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, எட்ட முடியாத தூரத்தில்.

படகில் லுவோவுக்கு நேர் எதிரே ஷுய்ஷெங் இருந்தார். குனிந்து கையை நீட்டினார். லுவோவும் நீட்டினான். நீரிலிருந்து ஒரு சாண் மேலே அந்தக் கை நின்றது. விரல்கள் விரிந்திருந்தன. கை அதற்குக் கீழே வரவில்லை. அந்த மனிதரின் கண்ணில் கண்ணீர் ஓடியது. கை மட்டும் வரவில்லை.

லுவோவின் வாய்க்குள் தண்ணீர் போனது.

அடுத்து அவனுக்குத் தெரிந்தது, யாரோ அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததுதான். சாதாரணப் பருத்திக் கால்சட்டையோடு, இடுப்பளவு தண்ணீரில் வான் நின்றிருந்தார்.

"மூச்சு விடு. கத்தாதே. படகைப் பிடி."

கரையில் டாக்டர் இருவரையும் துடைத்து, ஒரு பாட்டில் அரிசிச் சாராயத்தைக் கைகால் முழுக்க ஊற்றித் தேய்த்தார். தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார்.

"இது போதுமா சார்?"

"புழு ஏதோ கொஞ்சம் சாகலாம். போதும்னு சொல்ல மாட்டேன்."

"மாத்திரை?"

"குஞ்சுப் புழுவுக்கு அந்த மாத்திரை உறைக்காது. வளரணும். ஒரு மாசம் கழிச்சு ரத்தம் பார்ப்போம். அதுவரைக்கும் ஜுரம் வருதான்னு பார்த்துட்டே இருங்க."

ஒரு மாதம். லுவோ ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத் தேடினான். கிடைக்கவில்லை.

ஐந்து மணிக்கு, நிலையத்து மேஜையில், இருபது குடுவைகளை டாக்டர் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லுவோவும் பார்த்தான். ஏழாவது குடுவையில், மேல்தண்ணீரில், ஊசி முனையைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள் ஒரே நேராக ஓடிக்கொண்டிருந்தன. அவ்வளவு அழகாக ஓடின. அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"ஆறு குடுவையில இருக்கு," என்றார் டாக்டர் கடைசியில். "பதினாலுல இல்ல. ஊசி போடாத எதிர்க்கரை கிராமத்துல இருபதுல பதினஞ்சு எருமைக்கு இருக்கு."

"அப்போ ஊசி வேலை செய்யுது," என்றான் லுவோ.

"பாதிக்கு மேல செய்யுது. பத்துக் குழந்தையைப் படுக்க வைக்க ஆறு எருமை போதும்." அவர் குடுவையை வைத்தார். இந்தத் தடவை கை தடுமாறவில்லை. "ஆறுன்னே எழுதி அனுப்பறேன். இந்த ஊசியை இன்னும் திருத்தணும். இன்னும் அஞ்சு வருஷமாகலாம். பீஜிங் வேற யாருக்காவது கிடைக்கட்டும்." சிவப்புத் துணியைத் தேடி எடுத்து, மூங்கில் கழியோடு வாய்க்காலை நோக்கி நடந்தார்.

போகுமுன் இரண்டு அட்டைகளில் அடுத்த பரிசோதனைத் தேதி எழுதி வைத்திருந்தார். ஒன்றில் லுவோவின் பெயர். மற்றதில் வானின் பெயர்.

"அக்கா. உங்களுக்குப் பயமா இல்லையா?"

வான் ஈரக் கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். "ஏன் இல்ல? மதியத்துலேர்ந்து பயந்துகிட்டுத்தான் இருக்கேன். அட்டையைப் பத்திரமா வை. வண்டியை எடு."

வண்டியின் பின்பக்கம் ஷுய்ஷெங் காத்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தார்.

"அம்மா," என்றார் வானிடம். "நேரா போலீஸுக்குக் கூட்டிட்டுப் போங்க. தெரு வழியா வேண்டாம். கையெடுத்துக் கும்பிடறேன்."

"போலீஸ் எங்கயும் ஓடாது," என்றார் வான். "ஊசியாலதான் நோய் வந்துச்சுன்னு அங்க பத்து வீட்டுல நம்பிட்டு இருக்காங்க. தண்ணி இன்னும் சுத்தமில்லைன்னும் அவங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலேர்ந்து மாத்துத்துணி எடுக்க ஆளுங்க வந்திருக்கற நேரம். நீங்க சொல்லுங்க."

லுவோ வண்டியை வரிசையின் முதல் வீட்டின் முன் நிறுத்தினான். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. ஷுய்ஷெங் இறங்கினார். கதவு வரைக்கும் போனார். அங்கே மரம்போல நின்றுவிட்டார். கை மேலே வரவேயில்லை.

லுவோ வண்டியில் உட்கார்ந்தபடி அந்த முதுகைப் பார்த்தான். ஒரு சாண் தூரத்தில் நின்றுபோன அந்தக் கையை அவன் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை. ஆனால் அந்தக் கால்களுக்குள் என்ன நடக்கிறது என்று இந்தத் தெருவில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றான்.

"தட்டறது நான் தட்டறேன்ணே," என்றான். "பேசறது நீங்கதான் பேசணும்."

மூன்று முறை தட்டினான். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்தது.